கடன் யார் பக்கம்?

ஜவ்வாது மலையின் தென்னடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளை மீட்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு மறக்காமல் சொல்கிறது. விசுவாசத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி இந்த வட்டாரத்தில் கிடைப்பது கடினம்.

மலைமேல் இன்னொரு கதை வழங்குகிறது. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவோர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ், தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய நம்பிக்கை. வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஸ்டூவர்ட் பதிவுசெய்த கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தம் பெருந்தொகுதியில் எடுத்தாண்டார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு, அவமதிக்கப்பட்டு, ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களை உடன் கொண்டுபோனார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று எண்ணிக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்று வென்று ஊர் திரும்பியபோது மனைவியர் விதவைக் கோலத்தில் இருந்தார்கள். சடங்கு முடிந்துவிட்டது, செத்தவனுக்குச் சாதியில் இடமில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து மலையேறினார்கள்.

இந்தக் கதையில் யாரும் துரோகம் செய்யவில்லை. சொன்ன சொல்லைத்தான் மனைவியர் காப்பாற்றினார்கள். அதனாலேயே ஏழு பேர் ஊரற்றவர்கள் ஆனார்கள். கிறிஸ்தவ வேதம், கடவுள் தன் ஜனத்துக்கு உண்மையுள்ளவர் என்று சொல்லும்போது எந்த வகை உண்மையைச் சொல்கிறது? கோவிவனுடையதையா, காஞ்சிபுரத்து மனைவியருடையதையா, இரண்டிலும் சேராத வேறொன்றையா? நம் மரபில் விசுவாசம் பெரும்பாலும் கீழிருந்து மேலே போவது. செஞ்சோற்றுக் கடன் என்பது உண்டவனின் கடன். கர்ணனைப் போற்றுகிற நாம், துரியோதனன் கர்ணனுக்கு என்ன கடன்பட்டான் என்று அவ்வளவாகக் கேட்பதில்லை. வேதாகமம் கேட்கிறது. அதுவும் பலமுறை, சில நேரம் கோபத்தோடு.

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் தொடங்கலாம். பிள்ளையில்லாத ஆபிராமை வெளியே அழைத்து நட்சத்திரங்களை எண்ணிப்பார் என்று கடவுள் சொல்லும் இடம் பலருக்கும் தெரியும். (ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றான, 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி, இதே ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் அந்த எண்ணிக்கையைத்தான் வேறு நோக்கத்தோடு செய்துவருகிறது.) அதற்கடுத்த காட்சியைப் பிரசங்கங்கள் தாண்டிவிடுகின்றன. கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் ஆபிராம் இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்பவர்கள் அத்துண்டங்களின் நடுவே நடப்பார்கள். சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று பொருள். எரேமியா 34ஆம் அதிகாரம் இந்த வழக்கத்தைச் சொல்கிறது. ஆபிராமோ அயர்ந்து தூங்குகிறார். புகையும் சூளையும் தீச்சுடரும் மட்டும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. நடக்க வேண்டிய இருவரில் ஒருவர்தான் நடந்தார். சாபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது மேலே இருப்பவர்.

அறிஞர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? 1954இல் ஜார்ஜ் மெண்டன்ஹால், சீனாய் உடன்படிக்கை ஹித்தியப் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்களின் அச்சில் வார்க்கப்பட்டது என்றார். அங்கே கடன் சிற்றரசன் பக்கம்: நான் உன்னைக் காத்தேன், நீ எனக்கு அடங்கி நட. 1970இல் மோஷே வைன்ஃபெல்ட் வேறொரு வகையைச் சுட்டினார். ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் கொடுத்த வாக்கு, அரசன் தன் ஊழியனுக்கு நிலம் எழுதிவைக்கும் மானியப் பத்திரத்தை ஒத்தது. அங்கே கடன் அரசன் பக்கம் என்பது அவர் வாதம். இந்த வேறுபாடு அளவுக்கு மீறி நேர்த்தியாக இருக்கிறது, மானியங்களிலும் நிபந்தனைகள் உண்டு என்று பின்வந்தோர் மறுத்தார்கள். அந்த மறுப்பு நியாயமானதே. ஆனாலும் தமிழ் வாசகருக்கு வைன்ஃபெல்ட் உடனே பிடிபடுவார். நம் செப்பேடுகளும் சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்றுதான் நிலம் எழுதின. 89ஆம் சங்கீதம் தாவீதின் சிங்காசனத்துக்கு வைக்கும் அளவுகோலும் அதே சூரியனும் சந்திரனும். வீரன் விழுந்தால் அவன் வாரிசுக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட வழக்கமும் நமக்கு உண்டு. அது செத்த விசுவாசத்துக்குக் கொடுத்த கூலி. உபாகமம் 7இல் அந்தக் கூலிக் கணக்கே இல்லை. நீங்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதால் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, எல்லாரிலும் நீங்கள் கொஞ்சம் பேர் என்று மோசே சொல்கிறார். காரணம் நேசம், முன்னோருக்கு இட்ட ஆணை. அவ்வளவுதான்.

இத்தோடு நிறுத்தினால் இது பக்திக் கட்டுரை ஆகிவிடும். வேதாகமம் ஒரே குரலில் பேசுவதில்லை. அதே உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் கீழ்ப்படியாதவர்களுக்கு வரும் சாபங்களைப் பக்கம் பக்கமாக அடுக்குகிறது. 2 சாமுவேல் 7இல் தாவீதின் மகன் தப்பு செய்தால் அடிப்பேன், ஆனால் கிருபையை விலக்கமாட்டேன் என்ற வாக்கு, 1 இராஜாக்கள் 2இல் உன் பிள்ளைகள் ஒழுங்காக நடந்தால் என்ற நிபந்தனையோடு வருகிறது. யோசுவா 21, சொன்ன நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறவில்லை என்று கணக்கை முடிக்கிறது; அடுத்து வரும் நியாயாதிபதிகள் புத்தகம் அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்கிறது. வால்டர் புரூக்மேன் 1997இல் வெளியிட்ட பழைய ஏற்பாட்டு இறையியல் நூலில் இதற்கு நீதிமன்றச் சட்டகம் ஒன்றைத் தந்தார்: மைய சாட்சியம் ஒன்று, அதை எதிர்த்துப் பேசும் சாட்சியம் ஒன்று. வேதம் இரண்டாவதை அழிக்காமல் கோப்பில் வைத்திருக்கிறது. இந்தக் கேள்வியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் எனக்கு மிகவும் உதவியது இந்தப் பார்வைதான்.

89ஆம் சங்கீதத்தையே பாருங்கள். 52 வசனங்கள். முதல் 37 வசனங்கள் முழுக்கக் கடவுளின் உண்மையைப் பாடுகின்றன: வானம் சாட்சி, கடல் சாட்சி, தாவீதுக்கு இட்ட ஆணை நிலைக்கும். 38ஆம் வசனத்தில் குரல் மாறுகிறது. நீர்தான் தள்ளிவிட்டீர், நீர்தான் உடன்படிக்கையை ஒழித்தீர், கிரீடத்தைத் தரையில் போட்டவர் நீர் என்று ஒவ்வொரு வரியும் விரல் நீட்டுகிறது. ஆணையிட்ட பழைய கிருபைகள் எங்கே என்று நேரடியாகவே கேட்கிறது. முன்பாதியில் பாடிய புகழ்ச்சி பின்பாதியில் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகிறது. வாக்குக் கொடுத்தவரிடம்தான் வழக்குத் தொடுக்க முடியும். 44ஆம் சங்கீதம் இன்னும் கடுமை: நாங்கள் உம்மை மறக்கவில்லை, உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யவில்லை, பிறகு ஏன் ஆடுகளைப் போல அடிக்கக் கொடுத்தீர்?

தமிழ்ச் சபைகளில் இந்தப் பின்பாதிகள் எங்கே போயின? டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எடுக்கிறோம். அட்டையில் எரேமியா 29:11 வந்தால் சந்தோஷம். எதிர்காலமும் நம்பிக்கையும் தரும் நினைவுகள் என்ற அந்த வாக்கு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஒரு வசனம் முன்னால் போனால் எழுபது வருடம் என்று கெடு. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த நல்ல முடிவைப் பார்க்காமல் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அட்டையில் கெடுவை அச்சடிப்பதில்லை. புலம்பல் புத்தகத்துக்கும் இதே கதிதான். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் எரிந்தபின் எழுந்த ஐந்து ஒப்பாரிகள் அவை. மூன்றாம் அதிகாரத்தின் நடுவில், காலைதோறும் புதிதாகும் கிருபையையும் பெரிதான உண்மையையும் சொல்லும் இரண்டு வசனங்கள் உண்டு. அமெரிக்கரான தாமஸ் சிஷோம் 1923இல் எழுதிய புகழ்பெற்ற கீர்த்தனை அவற்றிலிருந்து பிறந்தது, உலகமெல்லாம் பாடுகிறார்கள். புத்தகமோ அங்கே முடியவில்லை. ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனம், எங்களை அறவே வெறுத்துவிட்டீரோ என்ற தொனியில் அறுந்துபோகிறது. யூதர்கள் தொழுகைக்கூடத்தில் வாசிக்கும்போது அந்த வசனத்தோடு முடிக்க மனமில்லாமல் அதற்கு முந்தின வசனத்தை மறுபடி வாசிப்பார்கள். அந்தத் தயக்கத்தில் நேர்மை இருக்கிறது. நாம் ஐந்தாம் அதிகாரத்தையே வாசிப்பதில்லை.

ஜவ்வாது மலையில் அதை வாசிக்கக் காரணங்கள் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச்சேரத் தாமதமாகி, குழந்தை இறந்தது. உடலோடு வந்த ஆம்புலன்ஸும் பாதி வழிக்குமேல் ஏற முடியாமல் நிற்க, தாய் பிள்ளையைக் கையில் ஏந்தி மலையேறினாள். இந்த வீடுகளில் போய் நின்று, கடவுள் உண்மையுள்ளவர் என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பொருள்? 89ஆம் சங்கீதத்தின் முன்பாதியை மட்டும் அறிந்தவரிடம் பதில் கிடையாது. பின்பாதியை அறிந்தவரிடமும் பதில் இல்லைதான். ஆனால் அழுகிறவளோடு சேர்ந்து மேலே பார்த்துக் கேட்க அவருக்கு வேதத்திலேயே சொற்கள் உண்டு. சாலை போடாததற்கு அரசைக் கேட்க வேண்டியதைக் கடவுளிடம் கேட்பதா என்று யாராவது மடக்கலாம். தீர்க்கதரிசிகள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவர்கள்.

'தன் ஜனம்' என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்த ஜனம் யார்? ஓசியா தன் பிள்ளைக்கு லோகம்மீ, அதாவது என் ஜனமல்ல, என்று பேர் வைக்கிறார். மனைவி கோமேரின் நடத்தையால் உடைந்த அந்த வீட்டுக் கதை, பெயரை மாற்றி என் ஜனம் என்று அழைப்பதில் முடிகிறது. பவுல் ரோமர் 9இல் இதே வரிகளை எடுத்து, யூதரல்லாதவர்களுக்குப் பொருத்துகிறார். உடனே அவருக்கே பயம் வருகிறது: அப்படியானால் இஸ்ரவேலுக்குக் கொடுத்த சொல் என்ன ஆயிற்று? பழைய ஜனத்தைக் கைவிட்ட கடவுளைப் புதிய ஜனம் எதை நம்பி நம்பும்? மூன்று அதிகாரங்கள் மல்லுக்கட்டி, வரங்களும் அழைப்பும் திரும்பப் பெறப்படாதவை என்ற இடத்துக்கு ரோமர் 11இல் வந்துசேர்கிறார். சபையோ பல நூற்றாண்டுகள் அந்த அதிகாரத்தைக் கேட்காமல், இஸ்ரவேலின் இடத்தில் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம் என்று போதித்தது. ஐரோப்பிய யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட பிறகே பலருக்குக் கண் திறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை ரோமர் 11ஐ ஆதாரமாகக் காட்டி, யூதர்கள் தள்ளப்பட்டவர்கள் என்று சொல்லக்கூடாது என்றது. கடவுளின் உண்மை பற்றிய கோட்பாடு புத்தக அறையில் மட்டும் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

மலைவாழ் மக்களுக்கு இன்னும் நெருக்கமான கேள்வியை 1989இல் ராபர்ட் ஆலன் வாரியர் எழுப்பினார். அமெரிக்கப் பழங்குடிகளான ஓசேஜ் மக்களில் ஒருவர் அவர். எகிப்திலிருந்து விடுதலை என்ற கதையை ஒடுக்கப்பட்டோரின் கதையாக எல்லாரும் கொண்டாடுகிறீர்கள், நான் அதில் என்னைக் கானானியனாகவே காண்கிறேன் என்றார். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கைக் கடவுள் நிறைவேற்றியபோது, நிலத்தை இழந்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள். ஒரு ஜனத்துக்குக் காட்டிய உண்மை இன்னொரு ஜனத்துக்குப் பேரிழப்பு. இந்தியாவில் அர்விந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியலுக்கு அடித்தளம் போட்டபோது உபாகமம் 26இன் அறிக்கையை எடுத்துக்கொண்டார்: அலைந்து திரிந்த முன்னோன், அடிமைத்தனம், கூக்குரல், விடுதலை. வாரியர் கேட்ட கேள்விக்கு நிர்மலின் சட்டகத்தில் முழு விடை இல்லை என்பது என் எண்ணம். தலித்துக்கு மறுக்கப்பட்டது நிலம். பழங்குடியிடமிருந்து பறிக்கப்பட்டது நிலம்.

விடை என்று சொல்லாவிட்டாலும் ஒரு திறப்பு ஆமோஸ் 9:7இல் இருக்கிறது. இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்தது போலவே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் நான்தானே கொண்டுவந்தேன் என்று கடவுள் கேட்கிறார். பெலிஸ்தர் இஸ்ரவேலின் பரம எதிரி. அவர்களுக்கும் ஒரு புறப்பாடு இருந்தது, அதையும் நடத்தியவர் இவரே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டதைச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு மக்களுக்கு இந்த வசனத்தை எத்தனை ஊழியர்கள் வாசித்துக் காட்டியிருப்பார்கள்? உங்களுக்குக் கடவுள் இன்றுதான் வந்தார் என்று சொல்வதற்கும், உங்கள் முன்னோர் ஆறு கடந்ததையும் அவர் அறிவார் என்று சொல்வதற்கும் இடையே மிகுந்த தூரம் இருக்கிறது. மலையாளிகளில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையே. பெரும்பாலோர் பெருமாளையும் காளியையும் வணங்குகிறார்கள். ஆமோஸின் கடவுள் அவர்களுடைய வரலாற்றுக்கும் அந்நியர் அல்ல.

புதிய ஏற்பாடு இந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோகிறது என்பது பலருக்கும் தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்லலாம். மரியாளின் பாட்டும் சகரியாவின் பாட்டும் இயேசுவின் பிறப்பை ஆபிரகாமுக்கு இட்ட ஆணையின் நிறைவேற்றமாகவே பாடுகின்றன. பவுல் எல்லா வாக்குகளுக்கும் கிறிஸ்துவே ஆம் என்கிறார். சிலுவையில் இயேசு வாயெடுத்துச் சொன்னதோ 22ஆம் சங்கீதத்தின் கைவிடப்பட்டவனின் கேள்வி. ஆதியாகமம் 15இல் துண்டங்களின் நடுவே நடந்தவர் அந்தச் சாபத்தைக் கடைசியில் தாமே வாங்கிக்கொண்டார் என்று வாசிக்கும் மரபு ஒன்று உண்டு. எனக்கு அது ஏற்புடையதே. நாம் உண்மையற்றவர்களாக இருந்தாலும் அவர் மாறமாட்டார் என்ற 2 தீமோத்தேயு 2:13ஐ வைத்து, இரட்சிப்பை இழக்க முடியுமா முடியாதா என்று கால்வின் வழியினரும் அர்மீனியஸ் வழியினரும் நானூறு ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் மலைக்கு எடுத்துப்போக ஒன்றும் இல்லை.

மலைக்கு ஏறியவர்களைப் பற்றிச் சொல்லலாம். ஜவ்வாது, ஏலகிரி மலைகளின் கீழே திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். கம்பளி நூல் வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பத்தில் பிறந்த சின்னண்ணன் கதர் உடுத்தி, 1932இல் சென்னைத் தெருவில் போலீஸ் தடியடி வாங்கினார். கொல்லிமலையில், அதே மலையாளிகள் நடுவே, மிஷனரித் தம்பதியரான ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லின் பிராண்டும் வாழ்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. முதல் உலகப் போரை அடுத்து வந்த விஷக்காய்ச்சலில், அவர்களை எதிர்த்துவந்த பூசாரி சாகக் கிடந்தபோது, தன் பெண்குழந்தையை இவர்கள் கையில் ஒப்படைத்தார். வேறு யாரும் அந்தக் குடிசைக்குள் நுழையவில்லை என்பதே காரணம். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். எவ்லின் முதுமையில் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றபின் மறுபடி மலைக்கே திரும்பி, 1974இல், 95 வயதில் மறையும்வரை அந்த மக்களை விட்டுப் போகவில்லை. இன்றும் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் சமூக மருத்துவப் பிரிவு ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போய்வருகிறது.

இந்த வரலாறுகளைக் கடவுளின் உண்மைக்கு நிரூபணமாக எழுதுவது மிஷனரி நூல்களின் வழக்கம். காய்ச்சலில் பிழைத்தவரைக் கடவுள் காத்தார் என்று எழுதினால், ஜெஸ்ஸியின் சாவுக்கு என்ன எழுதுவது? நிரூபணமாக நான் இவற்றை எடுக்கவில்லை. பூசாரி பார்த்தது ஒரு கோட்பாட்டை அல்ல, வாசலில் நின்ற இருவரை. பழைய ஏற்பாட்டிலும் அப்படித்தான். ரூத் மோவாபியப் பெண், உடன்படிக்கைக்கு வெளியே பிறந்தவள். பிள்ளைகளை இழந்த மாமியார் நகோமிக்குக் கடவுளின் தயவு எப்படி இருக்கும் என்று காட்டியது அவள்தான். ஜனம் யார் என்ற கேள்விக்கு அந்தச் சிறு புத்தகம் வாய்திறந்து பதில் சொல்வதில்லை. தாவீதின் கொள்ளுப்பாட்டி அவள் என்று வம்சவரிசையை மட்டும் போட்டு முடிக்கிறது.

கடைசியாக நிலம். மலையில் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் முட்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகள் உழும் காட்டு நிலத்துக்கு உரிமை தந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. சாமையும் வரகும் விளைந்த கொல்லையை அனுபவத்தில் வைத்திருந்தும் தாளில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு எரேமியா 32ஆம் அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் கைதி. தகப்பனாருடைய சகோதரனின் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் உள்ள என் வயலை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி ஆக்கிரமித்துள்ள வயல். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் தம் எழுத்தர் பாரூக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த தேசத்தில் மறுபடி வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பது கடவுள் சொல். வாங்கி முடித்த கையோடு எரேமியா ஜெபத்தில் முறையிடுகிறார்: கொத்தளங்கள் நகரத்தைத் தொட்டுவிட்டன, நீரோ நிலம் வாங்கச் சொல்கிறீர். பணம் கொடுத்த பிறகும் சந்தேகத்தை அவர் மறைக்கவில்லை.

நகரம் விழுந்தது. எரேமியாவைச் சொந்த ஜனமே எகிப்துக்கு இழுத்துப் போயிற்று. அந்த வயலில் அவர் ஏர் பூட்டியதாக ஒரு வசனமும் இல்லை. ஆனால் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில், பாபிலோனிலிருந்து திரும்பியவர்களை ஊர்வாரியாக எண்ணும் அந்தச் சலிப்பூட்டும் பட்டியலில், 23ஆம் வசனம் இப்படிப் பதிவுசெய்கிறது: ஆனதோத் ஊரார், 128 பேர்.